உப்புக்குக் கதவு போட்ட ஊர்

ஆலப்புழைக்குப் போவதென்றால் தன் அண்ணனும் வர வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அந்த மாமாவுக்குத் துத்திப்பட்டுப் பக்கம் நெல்லும் தென்னையுமாக நிலம் இருந்தது. என் நைனா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். ஒருவருடைய கிணறு உப்பாகிப்போனதற்குக் காரணமான தொழிலில்தான் இன்னொருவர் எங்களைச் சோறு போட்டு வளர்த்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எதிலும் இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை, முறையாக வந்து நிற்பார்கள். ஆனால் ஒரே திண்ணையில் உட்கார மாட்டார்கள். 'மாப்ளே', 'மச்சான்' என்ற அழைப்பு மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது.

2019 பொங்கல் விடுமுறை. தீபாவளி போனஸில் ஒரு பங்கை நானும் என் மனைவியும் இதற்கென்றே எடுத்து வைத்திருந்தோம். இருவருக்கும் ஷூ கம்பெனி வேலை. நள்ளிரவில் ஜோலார்பேட்டையில் ஆலப்புழை ரயிலைப் பிடித்தோம். விடிந்தபோது பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு பாலத்துக்குக் கீழும் தண்ணீர். ஒவ்வொரு பாலத்துக்கும் மாமா எழுந்து எழுந்து பார்த்தார். "இதுலயும் போவுது பாரு" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்குப் பாலம் என்றால் கீழே மணலும் சீமைக்கருவேலமும்தான். தண்ணீர் ஓடினால் அது செய்தி.

புன்னமடைக் காயலில் எங்களுக்காக நின்ற கெட்டுவள்ளம் ஒரு காலத்தில் நெல் ஏற்றிப் போன படகுகளின் வழிவந்தது. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டும் படகு அது. சாலையும் லாரியும் வந்தபிறகு சரக்குப் படகுகளுக்கு வேலை போய்விட, 1990-களில் அவற்றின்மேல் அறை கட்டிச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். மாமா படகில் கால் வைத்ததும் முதலில் குனிந்து கயிற்று முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். நைனா நேராக முன்பக்கம் போய் உட்கார்ந்து, விளிம்பில் சாய்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

நைனாவின் கைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் சுண்ணாம்பில் கிடந்த கைகள். நகங்கள் ஓரத்தில் தேய்ந்து, மஞ்சளாக, தகடு தகடாக உரியும். விரல் நுனியில் ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடையில் ஆதார் இயந்திரம் அவரை அடையாளம் காணாமல் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆனால் அந்தக் கைக்குத் தண்ணீர் தெரியும். குழியில் கையை விட்டு இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்தே இன்னும் எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும், தோல் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று சொல்வார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் இப்போதும் சொல்வார்கள். காயல் தண்ணீரை அப்படித்தான் விரல்களுக்கிடையே தேய்த்தார், முகர்ந்தார், பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்தார்.

"இன்னாடா இது, கடலு பக்கத்துலதான கீது? கரிக்கவே இல்லியே."

படகோட்டிச் சேட்டனுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவராம். வடக்கே கையை நீட்டி, "அங்கே ஒரு பண்டு உண்டு. டிசம்பர்ல ஷட்டர் அடைக்கும். உப்பு இந்தப் பக்கம் வராது" என்றார்.

தண்ணீர்முக்கம் தடுப்பணையைத்தான் அவர் சொன்னார். நாங்கள் வந்திருந்த குட்டநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நிலம். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் என்று நான்கு ஆறுகள் மலையிலிருந்து இறங்கி இந்தத் தாழ்விலும் வேம்பநாட்டுக் காயலிலும் வந்து சேர்கின்றன. மழைக்காலம் முடிந்து ஆறுகளின் வேகம் குறையும்போது, கொச்சிப் பக்கமிருந்து கடல்நீர் காயலுக்குள் ஏறிவரும். அப்போதுதான் வயலில் அவர்கள் 'புஞ்ச' என்று சொல்லும் நெல் நிற்கிறது. உப்பு ஏறினால் பயிர் கருகும். அதனால் காயலின் குறுக்கே 1975-இல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்குத் தடுப்பணை கட்டி, கோடையில் கதவுகளை மூடி, கடல் உப்பை வடக்கே நிறுத்தி வைக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் திறந்துவிடுவார்கள்.

"உப்புக்குன்னு அணையா?" என்றார் மாமா. படகு கிளம்பிய பிறகும் அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கைநகரிப் பக்கம் போனபோது இருபுறமும் வயல்கள் வந்தன. நாங்கள் மிதந்துகொண்டிருந்த தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம் கீழே நெல் நின்றது. நடுவில் மண்ணால் ஒரு வரப்பு மட்டும். அதன்மேல் வரிசையாகத் தென்னை, வீடுகள், துணி துவைக்கும் பெண்கள், ஒரு மாதா கோவில். வயலுக்குள் ஊறி வருகிற நீரை இரவும் பகலும் இறைத்து வெளியே தள்ள வேண்டும். முன்பு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து சக்கரத்தை மிதித்து இறைத்தார்கள். பிறகு 'பெட்டியும் பறையும்' என்று அவர்கள் சொல்லும் மரப் பம்பு வந்தது. சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்ற காயல் வயல்களைச் சேட்டன் பெயர் சொல்லிக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது அரிசிப் பஞ்சம் வந்த 1940-களில், ஜோசப் முரிக்கன் என்பவர் ஆயிரக்கணக்கான கூலியாட்களைக் கொண்டு காயலுக்குள் மூங்கிலும் தென்னையும் அடித்து, சேறு கொட்டி, வரப்பு எழுப்பி மீட்ட நிலங்கள் அவை. 2013-இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இந்தச் சாகுபடி முறையை உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், இந்த ஊர்களெல்லாம் மூழ்கிப் போயிருந்தன. வீட்டுச் சுவர்களில் ஜன்னலுக்கு மேலே சேற்றுக் கோடு இன்னும் அழியவில்லை. சுற்றுலாப் படகுகளில்தான் ஜனங்களை ஏற்றி ஆலப்புழைக்கும் சங்கனாச்சேரிக்கும் கொண்டுபோனோம் என்றார் சேட்டன். அந்த வயல்களில் ஜனவரியில் மறுபடி நெல் நின்றது. மாமா வேறெதையும் பார்க்கவில்லை. மீன்கொத்தியையும் நீர்க்காகத்தையும் காட்டி என் மகள் கூப்பிட்டபோது தலையை மட்டும் ஆட்டினார்.

எங்கள் ஊர் உப்பு கடலிலிருந்து வந்ததில்லை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்பில் போட்டுத்தான் பல ஊர்களிலிருந்து எங்களிடம் வரும். ஷாப்பில் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. அடுத்தது ஊறப்போட்டுக் கழுவுவது. பிறகுதான் சுண்ணாம்புக் குழி, முடி நீக்குவது, சதை எடுப்பது எல்லாம். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. பாலாற்றங்கரையில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு நல்ல நிலத்தடி நீர் முக்கியமான காரணம். காட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கிடைத்தது இன்னொரு காரணம். பட்டைத் தோல் காலத்தில் ஷாப்புத் தண்ணீர் நாறும், கறுக்கும். 1970-களில் பட்டைக்குப் பதில் குரோம் வந்து, குரோமில் பதனிட்ட ஈரத் தோலான வெட்புளூ வந்து, ஏற்றுமதி பெருகிய பிறகு ஷாப்புகளும் பெருகின, தண்ணீரும் பெருகியது. கழுவிவிட்ட உப்பெல்லாம் வாய்க்காலில் ஓடி, ஏரியில் தேங்கி, ஆற்று மணலில் இறங்கியது. நாற்றமடிக்கிற அழுக்கைச் சுத்தம் செய்ய வழி உண்டு. கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. அது கிணற்றுக்குக் கிணறு நகரும்.

பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து கடலில் சேர்கிறது. மேலே பேத்தமங்கலம் தொடங்கி ஏரிகளும், ஆந்திர எல்லையில் தடுப்பணைகளும் நீரை நிறுத்திக்கொள்ள, எங்களுக்கு வருவது பெருமழை வருஷத்து மிச்சம்தான். ஆனாலும் ஆறு மணலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அம்மா மணலில் கையால் ஊற்று தோண்டுவாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசியும். முதலில் ஊறுவதைச் சொம்பால் மொண்டு கொட்டிவிட்டு, தெளியும்வரை காத்திருந்து, குடத்தில் துணி கட்டி வடித்து நிரப்புவாள். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும். இப்போது ஆற்றங்கரை ஊர்களான எங்களுக்குக் குழாயில் வருவது காவிரி.

மாமாவின் கிணறு எண்பதுகளின் கடைசியில் மாறத் தொடங்கியது. முதலில் நெல் நாற்று நுனி கருகியது. பிறகு தென்னையில் குரும்பை உதிர்ந்தது, மட்டை தொங்கியது, காய் சிறுத்தது. மாடு ஒருநாள் தொட்டியில் வாய் வைத்துவிட்டு விலகிப் போனது. அன்றைக்குத்தான் அத்தை அழுதாள் என்று அம்மா சொல்வாள்.

தோல் ஷாப்புக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதையும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்பதையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம். 2001-இல் அந்த ஆணையம் எங்கள் மாவட்டத்தில் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஐந்நூற்றுச் சொச்சம் ஷாப்புகளிடமிருந்து, ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் வாங்கித் தரச் சொன்னது. ஆளுக்கு வகுத்துப் பார்த்தால் பத்தாயிரத்தை எட்டாது. மாமாவுக்குக் கிடைத்த பணம் பம்புசெட் கடனுக்குப் போயிற்று. நைனாவுக்கு அந்த வழக்கு வேறு மாதிரி வந்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாத ஷாப்புகளை மூடச் சொன்னபோது அவர் வேலை பார்த்த ஷாப்பும் கதவைச் சாத்தியது. சில மாதங்கள் கூலி இல்லை. அம்மா தோடு அடகுக்குப் போனது. அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணப் பந்தலில், "கேஸ் போட்டவங்க வூட்ல அடுப்பு எரியுது" என்று நைனா சொல்ல, "உங்க அடுப்பு எரிய என் தோப்பு எரிஞ்சுது" என்று மாமா சொல்ல, அதோடு திண்ணை இரண்டானது.

மாலை ஐந்தரைக்குப் படகைக் கரையோரம் கட்டிவிட்டார்கள். அதற்குமேல் மீன்காரர்கள் வலை விடும் நேரம். பெரிய படகுகள் ஓடக்கூடாது. சமையல்காரர் கரிமீனை மசாலா தடவி வாழையிலையில் சுற்றிக் கல்லில் போட்டார். நைனா ஆம்பூர் பிரியாணியோடு வைத்துப் பேசாத ஒரே வெளியூர்ச் சாப்பாடு அதுதான். சாப்பிடும்போது சேட்டன் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். வீடு முகம்மாவில். கக்கா பொறுக்குகிற குடும்பம். மூங்கில் கழியில் வலை கட்டிக் காயலின் அடியைச் சுரண்டி அள்ளும் கறுப்புச் சிப்பி அது. சதையை வேகவைத்து விற்பார்கள்; ஓடு சுண்ணாம்புக்குப் போகும்.

"சுண்ணாம்பா?" என்று நைனா நிமிர்ந்தார்.

"சுண்ணாம்பு, சிமெண்ட், எல்லாம். ஆனா கக்காவுக்கு உப்பு வேணும் அப்பா. ஷட்டர் அடைச்சா இந்தப் பக்கம் கக்கா கொறையும். மீனும் கடல்ல இருந்து ஏறி வராது. பாயல் மூடும். தண்ணி நின்னுபோவும்." உப்பு ஏறினால் ஆகாயத்தாமரை செத்துப்போகும்; உப்பு வராததால் அது வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கதவைத் திறக்கச் சொல்லி மீன்காரர்களும் மூடச் சொல்லி நெல்காரர்களும் ஒவ்வொரு வருடமும் மோதிக்கொள்கிறார்கள் என்றார்.

"நெல்லுக்காரன் வேற இன்னா பண்ணுவான்? நெலத்தச் சுருட்டி எடுத்துக்கினு ஓடுவானா?" என்றார் மாமா.

"கக்கா பொறுக்கறவ மட்டும் எங்க ஓடுவா?" என்றார் நைனா.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பேச்சு எங்கே போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இவனுங்க கடலையே நிறுத்தி வெச்சிருக்கானுங்க மாப்ளே. உன் ஷாப்பு உப்ப ஒரு நாளாவது ஒருத்தனாவது நிறுத்தினானா?"

நைனா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "நிறுத்துற கதவு என் கையில இருந்துச்சா மச்சான்?"

இருபது வருடத்துக்கு மேலாக அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசாத விஷயம் இது. அன்றைக்கும் அதற்குமேல் பேசவில்லை. ஆனால் நைனாவின் அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது சரியான கேள்வி. குழிக்குள் இறங்கி நின்றவன் கையில் கதவு இல்லை. கிணற்றுக்காரன் கையிலும் இல்லை. கழிவை எங்கே விடுவது என்று முடிவெடுத்த முதலாளிகள் கையில் இருந்தது. அந்நியச் செலாவணி வந்தால் போதும் என்று கண்டுகொள்ளாமல் விட்ட அரசுகளின் கையில் இருந்தது. மலிவாகக் கேட்டு வாங்கிய வெளிநாட்டு வியாபாரிகள் கையிலும் இருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சவ்வு வழியாக அழுத்தி வடித்து, மிச்ச உப்பைக் கொதிக்க வைத்துப் பிரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையும் வந்தது. அதற்கு ஆகும் செலவைப் பற்றி எங்கள் கம்பெனியில் பேசாத நாளில்லை. செலவுதான். அந்தச் செலவை அதற்கு முன் பல ஆண்டுகள் மாமாவின் கிணறு ஏற்றது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து செத்தார்கள். அவர்கள் கையிலும் எந்தக் கதவும் இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றை எடுத்து, இழப்பீட்டை முழுதாகக் கொடுக்கவும் மேற்பார்வைக் குழு அமைக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் இருபத்தெட்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இரவு குடிக்கத் தண்ணீர் கேட்டாள் மகள். சமையலறையில் நீல நிற இருபது லிட்டர் கேன்கள் வரிசையாக நின்றன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், குடிக்கக் கேன். கரையோர வீடுகளுக்கும் அப்படித்தான், குடிதண்ணீர் படகில் வரும் என்றார் சேட்டன். வயலில் அடிக்கும் மருந்தும் உரமும், ஊர்க் கழிவும், எங்களைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு திரியும் நூற்றுக்கணக்கான படகுகளின் கழிவும் இந்தக் காயலில்தான் சேர்கின்றன. வேம்பநாடு 2002 முதல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இருக்கிற நீர்நிலை. அழகான இடம், போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். கழிவைத் தொட்டியில் பிடித்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குகிற படகா என்று கேட்டு ஏறுங்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வருவதற்குள் ஆறு போய்விட்டது.

அதே 2019 ஜூலையில், சென்னை வறண்டு கிடந்தபோது, எங்கள் ஜோலார்பேட்டையிலிருந்துதான் தண்ணீர் ரயில் கிளம்பியது. ஐம்பது வேகன்கள், வேகனுக்கு 50,000 லிட்டர், எல்லாம் மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரி. நைனா டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

2021 நவம்பரில் பாலாறு வந்தது. 1903 நவம்பர் 12 அன்று வாணியம்பாடியில் இருநூறு பேருக்கு மேல் அடித்துக்கொண்டு போன வெள்ளத்தைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லிக் கேட்ட எங்களுக்கு, அன்றைக்குத்தான் அது கண்ணில் புரிந்தது. வாலாஜா அருகே அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஆம்பூரே பாலத்தில் போய் நின்றது. தண்ணீர் வடிந்தபிறகு வாரக்கணக்கில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இடையில் சில நாள் மாராப்பட்டுப் பக்கம் வெள்ளை நுரை மிதந்தது. வெள்ளம் வந்தால் கழிவைத் திறந்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நைனா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அடுத்து வந்த பொங்கலுக்கு முன்னால் மாமா போன் செய்தார். எனக்கில்லை, நைனாவுக்கு. கிணற்றில் பத்தடியில் தண்ணீர் நிற்கிறது, வந்து பார் என்றார். நான் வண்டியில் கூட்டிப்போனேன். மாமா வாளியில் மொண்டு வைத்தார். நைனா விரல்களைத் தேய்த்தார், முகர்ந்தார், நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்பினார்.

"கொறஞ்சிருக்கு மச்சான். போவல."

"எதுக்கு ஆவும்?"

"குடிக்க ஆவாது. நெல்லு வேணாம்."

"தென்ன?"

நைனா இன்னொரு தடவை கையை வாளிக்குள் விட்டார். "தென்ன தாங்கும். இந்த வருஷம் பத்துக் குழி போடு, பார்ப்போம். வாழ வெக்காத."